மழைநீர் வடிகால் கட்டினால் ஏரித் தண்ணீர் சுத்தமாகுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை நடக்கிறது. வடிகால் கடைசியில் ஏரியில் போய் விழுகிறது. ‘இது முடிந்துவிட்டால் ஏரிக்குப் போகும் அழுக்கு குறைந்துவிடும்’ என்கிறார்கள். வெறும் சிமெண்ட் வாய்க்கால் தண்ணீரை எப்படிச் சுத்தமாக்கும் என்பது உங்கள் சந்தேகம். கூடவே, தெருத் தண்ணீரைப் பாழடைந்த போர்வெல்லில் விட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் சந்தேகம் சரிதான். வடிகால் தண்ணீரை வெளியேற்றும், சுத்தமாக்காது. முன்பு தெருவோர மண்ணில் ஊறி, பள்ளத்தில் தேங்கி, அரைகுறையாக வடிகட்டப்பட்டு வந்த தண்ணீர், வடிகால் வந்த பிறகு வழியில் எங்கும் நிற்காமல் அப்படியே ஏரிக்குப் போகிறது. வீட்டு வாசலில் வெள்ளம் நிற்காது என்பது உண்மையான லாபம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அழுக்கு குறைய வேண்டுமானால் அந்த வடிகாலின் வழியில் மூன்று வேலைகள் நடக்க வேண்டும்: கழிவுநீர் அதில் கலக்கக் கூடாது, தண்ணீரின் வேகம் எங்காவது குறைய வேண்டும், முடிந்த இடத்தில் அது மண்ணுக்குள் இறங்கி வெளிவர வேண்டும். இந்த மூன்றில் எது உங்கள் தெருத் திட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தால் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் அந்த அழுக்கு எது என்று பார்ப்போம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை சேலத்தில் மழை அபூர்வம். அத்தனை நாளும் தெருவில் படிவது புழுதி, டயர் தேய்ந்த தூள், பிரேக் தூள், என்ஜின் ஆயில் சொட்டு, மாட்டுச் சாணம், நாய்க் கழிவு, கோழிக்கடைக் கழிவு, கட்டுமான மணல், பிளாஸ்டிக் கவர். டயர் தூளிலும் தகரக் கூரையிலும் துத்தநாகம் இருக்கிறது, பிரேக் தூளில் செம்பு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுவிட்டாலும், பழைய சாலையோர மண்ணில் ஈயம் இன்னும் கிடக்கும், அது எங்கும் போய்விடாது. இவற்றில் பெரும்பங்கு தண்ணீரில் கரைந்து போவதில்லை. நுண்ணிய மண் துகளில் ஒட்டிக்கொண்டுதான் பயணிக்கிறது. துகள் எவ்வளவு நுண்ணியதோ, எடைக்கு எடை அவ்வளவு அதிகமாக உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் துடைப்பத்தால் தெருவைக் கூட்டுவது குப்பையையும் பருமணலையும் எடுக்கிறதே தவிர, உலோகம் ஒட்டிய நுண்தூளை அங்கேயே விட்டுவிடுகிறது. கூட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டாவிட்டால் அடுத்த கட்டம் எல்லாமே அடைத்துக்கொள்ளும்.

மண் துகள் அடியில் படிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டால் வடிகாலின் குணம் புரியும். அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, 0.1 மில்லிமீட்டர் மணலுக்கு இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு மூன்று நாள். வடிகாலில் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால், அரை கிலோமீட்டரை எட்டரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். மணல்கூட அந்த ஓட்டத்தில் முழுதாகப் படியாது, வண்டலைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோடை மழைக்குப் பிறகு ஏரி செம்மண் நிறத்தில் வாரக்கணக்கில் கலங்கிக் கிடப்பது இதனால்தான்.

இப்போது மூன்றில் முதல் வேலை. மழை பெய்து முழுதாக மூன்று நாள் கழிந்த பிறகு, காலை ஏழு மணிக்கு வடிகாலின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் அது மழைநீர் வடிகால். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் அது சாக்கடை. நுரை இருந்தால் துணி துவைத்த, குளித்த தண்ணீர். சாம்பல் நிறமும் நாற்றமும் இருந்தால் செப்டிக் டேங்க் வழிந்த தண்ணீர். ஏதாவது சாய நிறம் தெரிந்தால் அது தனிக் கதை. நம் ஊர்களில் மழைநீர் மாசு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மழையோடு சம்பந்தமே இல்லாதது. கோடை முழுக்க வடிகாலின் அடியில் கறுப்புச் சேறாகப் படிந்த கழிவை முதல் மழை ஒரே தள்ளாகத் தள்ளி ஏரிக்குள் கொட்டுகிறது. அந்தச் சேறு ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மறுநாள் காலை மீன் மிதக்கும். இந்த நிலையில் செடி நட்டாலும் சரி, ஜல்லி போட்டாலும் சரி, வீண் செலவு. ஒவ்வொரு வீட்டுக் கழிவுக் குழாயையும் பாதாளச் சாக்கடையில் சேர்ப்பதுதான் தீர்வு. அதுவரைக்கும் இடைக்கால வழி ஒன்று உண்டு. வடிகால் ஏரியைத் தொடுவதற்கு முன் குறுக்கே ஒரு சிறு தடுப்பைக் கட்டி, மழையில்லாத நாளில் ஓடும் மெல்லிய ஓட்டத்தை மட்டும் பக்கக் குழாய் வழியாகப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்புவது. பெருமழை வந்தால் தண்ணீர் தடுப்பைத் தாண்டி ஏரிக்குப் போகும். தடுப்பு உயரமாக இருந்தால் தெருவில் வெள்ளம், தாழ்வாக இருந்தால் சிறு தூறலுக்கே சாக்கடை ஏரிக்குள். மழையில்லா நாளின் உச்ச ஓட்டத்தைக் காலையில் அளந்த பிறகே உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, வேகத்தைக் குறைப்பது. தெருத் தண்ணீர் வடிகாலுக்குள் விழும் ஒவ்வொரு இடத்திலும் சேம்பரின் அடிமட்டம், வெளியேறும் குழாயின் அடியைவிட இரண்டடி தாழ்வாக இருக்க வேண்டும். அந்த இரண்டடிப் பள்ளத்தில்தான் மணலும் பருக்கல்லும் தங்கும். வெளியேறும் வாயை மேலிருந்து ஒரு வளைந்த மூடி மறைத்திருந்தால், மிதக்கும் கவரும் ஆயில் படலமும் உள்ளேயே நின்றுவிடும். பள்ளம் பாதி நிரம்பியதும் அள்ளியாக வேண்டும். அதற்கு மேல் விட்டால் அடுத்த பெருமழை, படிந்ததையும் கிளப்பிக்கொண்டு போய்விடும். சேலத்துக்கு இரண்டு முறை அள்ளுவது அவசியம்: ஏப்ரல் நடுவில், கோடை மழைக்கு முன் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை. மேலிருந்து மண்வாரியாலோ உறிஞ்சு லாரியாலோ அள்ளக்கூடிய ஆழத்தில்தான் கட்ட வேண்டும், ஆள் இறங்கும்படி கட்டக் கூடாது. மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூடிக் கிடந்த வடிகாலில் கழிவு அழுகினால் வரும் வாயு ஆளைச் சில நொடியில் சாய்த்துவிடும்.

அள்ளிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பிறகு எடுக்கிறோம் என்பார்கள். அது காய்வதற்குள் மழை வந்து, அள்ளின அத்தனையும் மறுபடி உள்ளே போய்விடும். அன்றைக்கே வண்டியில் ஏற்ற முடியாவிட்டால் அன்றைக்கு அள்ளாமல் இருப்பதே மேல்.

மூன்றாவதுதான் உண்மையான சுத்திகரிப்பு: மண்ணுக்குள் இறக்குவது. தெருவோர மரக்குழியை, தெருத் தண்ணீர் உள்ளே விழுந்து மண்ணில் இறங்கும்படி கட்டுவது உங்கள் மாதிரி நெருக்கமான தெருவுக்குப் பொருந்தும். நூறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலமுள்ள தெரு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். முதல் 25 மில்லிமீட்டர் மழையைப் பிடிப்பது என்று திட்டமிட்டால், ஊறியும் ஆவியாகியும் போகும் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 13,500 லிட்டர் வரும். நான்கடி அகலம், பத்தடி நீளத்தில் பத்துக் குழிகள் போட்டால் மொத்தப் பரப்பு சுமார் 37 சதுர மீட்டர், தெருப் பரப்பில் ஆறு சதவீதம். ஒவ்வொரு குழியிலும் மண் மட்டத்துக்கு மேல் எட்டு அங்குலம் தண்ணீர் நிற்க இடம் விட்டால் அது சுமார் 750 லிட்டர். அடியில் இரண்டடி வடிமண் (தண்ணீரை வடிகட்டும் மண் கலவை), அதற்கும் கீழே ஓரடி ஜல்லி, இவற்றின் இடுக்குகளில் இன்னொரு 850 லிட்டர் தங்கும். ஆக ஒரு குழிக்கு 1,500 லிட்டருக்குக் குறையாது, பத்துக்கும் 15,000. கணக்கு சரியாக வந்துவிட்டது. இது சாலைத் தண்ணீருக்கு மட்டும். மொட்டை மாடித் தண்ணீரும் தெருவுக்கு வந்தால் இந்தக் குழிகள் போதாது.

வடிமண்ணில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அளவு, கூடைக் கணக்கில், மணல் ஏழு, செம்மண் இரண்டு, மக்கிய கம்போஸ்ட் ஒன்று. நல்லது செய்வதாக நினைத்துத் தொழுவுரத்தை அள்ளிக் கொட்டினால், குழியிலிருந்து வெளிவரும் தண்ணீரில் உள்ளே போனதைவிட அதிகமான பாஸ்பரஸ் இருக்கும். ஏரியில் பாசி பிடிக்க அது போதும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வாங்கினால், ஒரு கண்ணாடி பாட்டிலில் நான்கு அங்குலம் மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே படியும் தூள் அரை விரற்கடைக்கு மேல் இருந்தால் கழுவின மணல் கேளுங்கள். கிரஷர் தூள் உள்ள மணலும் செம்மண்ணும் சேர்ந்தால் இரண்டு மழையில் சுண்ணாம்புத் தளம் மாதிரி இறுகிவிடும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே துணி விரிக்கும் பழக்கம் உண்டு. அந்தத் துணிதான் முதலில் அடைக்கும். அதற்குப் பதில் மூன்று அங்குலம் ஆறு எம்எம் பொடிக்கல் (சிப்ஸ்), அதன் கீழே இருபது எம்எம் ஜல்லி போடுங்கள். ஜல்லிக்குள் நான்கு அங்குலத் துளைக் குழாயை வைத்து வடிகாலில் சேர்க்க வேண்டும். சேலத்து நிலம் கடும்பாறை, சில இடங்களில் ஐந்தடியிலேயே பாறை தட்டும், தண்ணீர் கீழே போக வழியிருக்காது. குழாய் தேவையா என்று தெரிந்துகொள்ள, குழி தோண்டும் இடத்தில் ஓரடிச் சதுரத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு சிறு குழி எடுங்கள். ஒரு முறை தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அரை அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் குழாய் கட்டாயம்.

தண்ணீர் உள்ளே வரும் வாய், குறைந்தது ஒன்றரை அடி அகலம் இருக்க வேண்டும். ஒரு பால் கவரும் இரண்டு வாழை இலையும் வந்து விழுந்தாலும் அடைக்கக் கூடாது. கன்னங்குறிச்சி மாதிரி மலையடிவாரச் சரிவில் தண்ணீர் அந்த வாயை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே ஓடிவிடும். வாய்க்குச் சற்றுக் கீழே சாலையில் குறுக்குச் சாய்வாக ஓர் அங்குல உயரத்தில் சிறு திட்டு வைத்தால் உள்ளே திரும்பும். உள்ளே விழும் இடத்தில் கையளவுக் கற்களைப் பதியுங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே மண்ணைத் தோண்டிவிடும். இன்னொன்று: சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடும்போது சாலை உயர்கிறது, ஆனால் குழியின் வாய் உயர்வதில்லை. சாலை குழியைவிட உயர்வதில் தொல்லையில்லை. ஆனால் தார் வாயின் உதட்டை மூடிவிட்டால் குழி வெறும் பூந்தொட்டியாகிவிடும்.

மரத்துக்குப் புங்கை, நீர்மருது. இரண்டும் சில மணி நேரம் தண்ணீரில் நிற்கும், நான்கு மாத வறட்சியையும் தாங்கும். கீழே வெட்டிவேர். கல்வாழை அழகுதான், ஆனால் பங்குனி வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். குழியில் நின்ற தண்ணீர் இரண்டு நாளைக்குள் வடிந்துவிட வேண்டும். நம் வெப்பத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் ஆகும், ஆகவே இரண்டு நாளில் வடியும் குழியில் கொசு வளராது. மூன்றாம் நாளும் தேங்கியிருந்தால் மேல் இரண்டு அங்குலம் மண் அடைத்துவிட்டது என்று பொருள். அதை மட்டும் சுரண்டி எடுத்துப் புது மண் போட்டால் போதும், முழுக் குழியையும் தோண்ட வேண்டியதில்லை. தெருவில் வீடு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தால் குழியின் வாயை மணல் மூட்டையால் அடைத்தே வையுங்கள். சாலையோரம் கொட்டிய ஒரு லோடு எம்-சாண்ட், ஒரே மழையில் பத்துக் குழியையும் கெடுத்துவிடும்.

இப்படிக் கட்டிப் பராமரித்தால் எது நிச்சயம், எது நிச்சயமில்லை? தண்ணீரைக் கலங்கலாக்கும் துகள்களில் பத்தில் எட்டுப் பங்கைப் பிடிக்கும் என்பது பல நாடுகளில் அளந்து பார்த்து நிலைத்த விஷயம். துகளோடு ஒட்டிய செம்பு, துத்தநாகம், ஈயம் மேல் சில அங்குல மண்ணிலேயே நின்றுவிடும், ஆயிலை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். இவ்வளவும் உறுதி. பாஸ்பரஸ் நிற்குமா என்பது நீங்கள் போட்ட மண்ணைப் பொறுத்தது. நைட்ரேட் தண்ணீரில் கரைந்தே வருவது, சாதாரணக் குழியில் வடிகட்டாமல் தப்பிவிடும். வெளிக்குழாயின் வாயை ஓரடி மேல்நோக்கி வளைத்து, அடி ஜல்லியில் தண்ணீரைத் தேக்கினால் ஆக்சிஜன் இல்லாத அந்த அடுக்கில் ஓரளவு குறையும். நோய்க்கிருமிகள் விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஆகவே இதில் வடிந்த தண்ணீரைக் குடிநீர் என்று யாரும் சொல்லக் கூடாது. சாயப்பட்டறை உப்பு எந்தச் செடியிலும், எந்த மண்ணிலும் நிற்காது. வெள்ளிப் பட்டறையில் அமிலம் கலந்து வரும் கழுவுநீரில் உலோகம் கரைந்த நிலையில் இருக்கிறது, அதுவும் அப்படியே. இவற்றைப் பட்டறை வாசலிலேயே நிறுத்த வேண்டும். மஞ்சவாடிப் பக்கம் மலையில் பிறந்து ஊருக்குள் நுழைந்து நாமக்கல் வழியே காவிரிக்குப் போகும் திருமணிமுத்தாற்றில் சாயம் ஓடுவதற்கு மரக்குழியை மருந்தாகச் சொன்னால், அது ஏமாற்று.

‘முதல் மழைதான் அழுக்கு, அதை மட்டும் பிடித்தால் போதும்’ என்ற பேச்சு பாதி சரி. ஒரு கூரைக்கும் ஒரு தெருவுக்கும் அது பொருந்தும். பெரிய நீர்ப்பிடிப்பில், பக்கத்துத் தெருவின் சுத்தமான தண்ணீர் வரும் நேரத்தில்தான் தூரத்துத் தெருவின் முதல் அழுக்கு வந்து சேரும், எல்லாம் கலந்துவிடும். ஆகவே ஏரி முகத்தில் வைக்கும் ஏற்பாடு முதல் கால் மணியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அங்கே வேண்டியது, வாய்க்கால் ஏரிக்குள் நுழையும் முன் நான்கைந்து அடி ஆழத்தில் ஒரு வண்டல் குட்டை. ஜேசிபி இறங்க ஒரு பக்கம் சரிவும், அடியில் சிமெண்ட் தளமும் இருக்க வேண்டும். தளம் இல்லாவிட்டால் எது வண்டல், எது குட்டையின் அடி என்று ஓட்டுநருக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் ஆழமாகத் தோண்டிக்கொண்டே போவார். குட்டையைத் தாண்டியதும் முழங்கால் ஆழத் தண்ணீரில் கோரை, சம்பு வளர்ந்த பகுதி. ஆகாயத் தாமரையும் சத்தை உறிஞ்சும் என்பது உண்மையே. ஆனால் அதை வெளியே அள்ளாமல் விட்டால் அங்கேயே அழுகி, எடுத்ததை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஏற்காட்டில் வீடு கட்டும் ஒருவர், இதே குழியைத் தன் இடத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறார். மலைச் சரிவில் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் எதையும் வீட்டுக்கும் தடுப்புச் சுவருக்கும் மேற்பக்கம் போடாதீர்கள். ஊறின சரிவு கனத்து, சுவரை முன்னே தள்ளும். மலையில் செய்ய வேண்டியது, ஓடையில் சிறு கல் தடுப்புகளைப் படிப்படியாக வைத்து வேகத்தை மட்டும் குறைப்பதும், வெட்டிய மண்ணை மழைக்கு முன் புல்லாலோ தென்னை நார் விரிப்பாலோ மூடுவதும்தான். வெட்டி விட்ட ஒரு சரிவிலிருந்து வரும் செம்மண், ஒரு முழுத் தெரு அனுப்பும் புழுதியைச் சாதாரணமாக மிஞ்சும்.

போர்வெல் விஷயம். தெருத் தண்ணீரைப் பாழடைந்த போர்வெல்லில் விடவே கூடாது. மரக்குழியில் வேலை செய்வது அந்த இரண்டடி மண். போர்வெல் அந்த மண்ணைத் தாண்டிப் பாறை இடுக்குக்கு நேர்வழி போட்டுக் கொடுக்கிறது. பாறை இடுக்கில் எதுவும் வடிகட்டப்படாது, பக்கத்து வீட்டு மோட்டாரில் அந்த ஆயிலும் கிருமியும் வந்து சேரும். மொட்டை மாடித் தண்ணீர் வேறு. 1,200 சதுர அடி மாடியில் முதல் இரண்டு மில்லிமீட்டர் மழை, அதாவது 220 லிட்டர், தனியே ஒரு டிரம்மில் விழும்படி குழாயைப் பிரித்துவிட்டு, மிச்சத்தை ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு தொட்டி வழியாகப் போர்வெல்லில் இறக்கலாம். டிரம்மின் அடியில் அரை அங்குல வால்வு ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கும்படி சற்றுத் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த மழைக்குள் அது தானே காலியாகியிருக்கும். வால்வை முழுக்க மூடினால் டிரம் நிரம்பியே கிடக்கும், அடுத்த மழையின் புழுதி முழுதும் நேரே போர்வெல்லுக்குள் போகும்.